விதை பிடிக்குமுன் அறுபடும் சோளம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் ஊர்களில் ஒன்று காலாப்பட்டு. கடல் பக்கம் மணல், தென்னை, மீனவர் குடியிருப்புகள். உள்ளே போகப் போக நிலம் மெல்ல உயர்ந்து செம்மண்ணாகிறது. அங்கே சவுக்கு, முந்திரி, மழையை நம்பிய நிலக்கடலை. புதுச்சேரிப் பகுதியின் சாகுபடிக் கணக்கில் நெல்லும் கரும்பும்தான் பெரிய பயிர்கள். தானியமாக விளையும் சோளத்துக்கு அதில் இடம் இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் சோளச்செடி இந்த மண்ணை விட்டு முழுவதுமாகப் போய்விடவில்லை. கறவை மாடு வைத்திருப்பவர் பத்து சென்ட், இருபது சென்ட் என்று கிணற்றடியில் விதைக்கும் பசுந்தீவனமாக அது தங்கியிருக்கிறது. ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே போகலாம். நகரத்தில் இன்று சோளம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது மெக்சிகோவிலிருந்து வந்த மக்காச்சோளம். இந்த அத்தியாயம் பேசுவது ஆப்பிரிக்காவில் பிறந்து சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்து, கூழாகவும் சோறாகவும் நம் முன்னோரைக் காத்த பழைய சோளத்தைப் பற்றி.

தமிழ்நாட்டில் தீவனச் சோளம் விதைப்பவர்களுக்கு நன்கு அறிமுகமான ரகம் கோ.எப்.எஸ். 29. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு சோள ரகத்தையும் சூடான் புல்லையும் ஒட்டுச் சேர்த்து அதை 2001-ல் வெளியிட்டது. விதைத்து இரண்டு மாதம் கடந்ததும் முதல் அறுவடை, பிறகு ஏறத்தாழ ஐம்பது நாளுக்கு ஒருமுறை மறுதாம்பு என்று ஆண்டு முழுவதும் அறுக்கலாம். வயலில் பாதிச் செடிகள் பூத்த சமயம் அறுப்பது நல்லது என்பது பரிந்துரை. அதற்கு மேல் விட்டால் தண்டு முற்றி மாடு ஒதுக்கிவிடும். தீவனத்துக்கு இது மிகச் சரியான யோசனை. ஆனால் செடியின் பக்கமிருந்து பார்த்தால், அந்த வயலில் அடுத்த தலைமுறை பிறப்பதே இல்லை. மணி பிடிக்குமுன் அரிவாள் வந்துவிடுகிறது. அடுத்த முறை விதைக்க வேண்டிய விதை வேறெங்கோ, வேறு யாரோ விளையவிட்ட கதிரிலிருந்து வந்தாக வேண்டும். தீவன வயல் சோளத்தின் மரபுவளத்தைச் செலவழிக்கிறது. அதைப் புதுப்பிக்கும் வேலை தானிய வயலில்தான் நடக்கிறது. எனவே மாட்டுக்கு நல்ல தட்டை வேண்டுமென்றால், எங்கேயாவது மனிதர்கள் சோளத்தைத் தானியமாகவும், பல வகையாகவும், தொடர்ந்து பயிரிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

சோளத்தில் எத்தனை வகை இருக்க முடியும் என்று தோன்றலாம். கிழக்கு சூடானில் கிடைத்த சுமார் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான மட்பாண்டத் துண்டுகளில் சோள உமியின் அச்சுப் பதிந்திருக்கிறது. மனிதர் பயிரிடத் தொடங்கியிருந்த, இன்னும் பாதிக் காட்டுச்செடியாகவே இருந்த சோளம் அது. அங்கிருந்து அது போன இடமெல்லாம் உருவம் மாறியது. மேற்கு ஆப்பிரிக்காவின் மழைப் பகுதியில் மணி பூஞ்சை பிடிக்காமல் காய்வதற்கு வசதியாகக் கதிர் தளர்ந்து விரிந்தது. வறண்ட நாடுகளில் கதிர் உருண்டு திரண்டது. ஜாக் ஹார்லன், டி வெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1972-ல் இந்தப் பெருங்கூட்டத்தை பைகலர், கினி, காடேட்டம், கஃபிர், துர்ரா என்று ஐந்து அடிப்படை இனங்களாகப் பிரித்தார்கள். இந்தியாவின் சோளம் பெரும்பாலும் துர்ரா. தமிழ்நாட்டிலும் வெள்ளைச் சோளம், செஞ்சோளம், பெரிய மஞ்சள், சின்ன மஞ்சள், தலைவிரிச்சான், இருங்கு என்று உழவர்கள் கதிரையும் மணியையும் பார்த்துப் பெயர் வைத்துப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களின் நுட்பத்துக்கு ஒரு சான்று: 1936-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஸ்னோடன் வெளியிட்ட சோள வகைப்பாட்டு நூலில், ஒரு வகையின் லத்தீன் பெயருக்குள்ளேயே ‘இருங்கு’ என்ற தமிழ்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது. திருச்சி, பெரம்பலூர் பக்கத்து மானாவாரி உழவர்கள் அழைத்த பெயரைத் தாவரவியல் அப்படியே எடுத்துக்கொண்டது.

இந்த வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு வெறும் நிறமும் வடிவமும் அல்ல. தானியமும் தீவனமும் ஒரே செடியில் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதே அந்த வேறுபாட்டின் சாரம். உயரத்தை எடுத்துக்கொள்வோம். சோளத்தில் உயரத்தைத் தீர்மானிக்கும் நான்கு முக்கிய மரபணு இடங்கள் நெடுங்காலமாகத் தெரிந்தவை. அவற்றில் மூன்றாவது, வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைத் தண்டு வழியே கீழே கடத்தும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது என்று 2003-ல் தெரிய வந்தது. அது பழுதானால் கணுவுக்குக் கணு இடைவெளி சுருங்கிச் செடி குட்டையாகும். அமெரிக்காவில் அறுவடை இயந்திரம் எட்டும் உயரத்துக்குச் சோளத்தைக் கொண்டுவர இத்தகைய பழுதுகளையே அடுக்கிச் சேர்த்தார்கள். தானியத்துக்கு அது லாபம். தட்டைக்கோ நேர் நட்டம்.

பூக்கும் காலம் இன்னும் சுவையான விஷயம். காலாப்பட்டு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் இருக்கிறது. ஜூன் மாத நெடும்பகல் இங்கே சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பரின் குறும்பகல் சுமார் 11 மணி 25 நிமிடம். மனிதர் கவனிக்காமலே கடந்துபோகும் இந்த ஒன்றரை மணிக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தை நாட்டுச் சோளம் நுட்பமாக அளந்துகொள்கிறது. பகல் நீளமாக இருக்கும்வரை பூப்பதைத் தள்ளிப்போட்டு இலையும் தண்டுமாக வளர்கிறது. பகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்கியதும்தான் கதிர் கட்டத் தொடங்குகிறது. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூப்பது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும் கடற்கரையில் இந்தப் பொறுமைக்குத் தனி மதிப்பு உண்டு. மழையில் முற்றும் மணியைப் பூஞ்சாணம் கருக்கிவிடும்; மழை ஓய்ந்து முற்றும் மணி தப்பிக்கும். பகலின் நீளத்தைப் பார்த்துப் பூப்பை அடக்கி வைக்கும் முதன்மை மரபணுவின் அடையாளம் 2011-ல் தெரிந்தது. அது செயலிழந்த சோளம் எந்த நாட்டிலும் எந்த மாதத்திலும் சீக்கிரம் பூக்கும். உலகெங்கும் வணிக ரகங்களில் பரவியது அந்தச் செயலிழந்த வடிவம்தான். செயல்படும் வடிவமோ மாதக்கணக்கில் பசுமையாக வளர்வதால் தீவனத்துக்கு உகந்தது. ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள்: ஒன்று குதிருக்கு, ஒன்று தொழுவத்துக்கு. இரண்டில் ஒன்றை நாம் தொலைத்தால் அந்த வாய்ப்பே போய்விடும்.

ஆய்வகம் போகாமலேயே ஒரு சோள மரபணுவைக் கண்ணால் பார்க்கும் வழி ஒன்று உண்டு. வளர்ந்த செடியின் ஓர் இலையைப் பிடித்து நடுநரம்பைப் பாருங்கள். சிலவற்றில் அது சுண்ணாம்பு தீட்டியதுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். சிலவற்றில் மங்கிய பச்சையாக, ஈரம் ஊறிய காகிதம்போல ஒளி ஊடுருவும். வெள்ளை நரம்புள்ள செடியின் தண்டை ஒடித்தால் உள்ளே உலர்ந்த நெட்டி, சாறே இராது. மங்கிய நரம்புள்ளதை ஒடித்தால் கையில் ஈரம் ஒட்டும், கரும்புபோலக் கடிக்கலாம். நரம்பின் வெள்ளை என்பது வண்ணப்பொருள் அல்ல. உள்ளே செல்கள் இறந்து அவற்றின் இடத்தில் காற்று நிரம்பியிருப்பதன் தோற்றம். கோவையில் சிறுதானிய ஆராய்ச்சியைத் தொடக்க காலத்தில் வழிநடத்திய ஜி.என். ரங்கசாமி ஐயங்காரும் அவருடைய சகாக்களும் 1936-ல் இந்தப் பண்பு மெண்டலின் விதிப்படி தலைமுறைக்குத் தலைமுறை பிரிவதைக் காட்டினார்கள். உலர்ந்த தண்டு ஓங்கு பண்பு, சாறுள்ள தண்டு ஒடுங்கு பண்பு, இனிப்பு இவற்றோடு சேராத தனிப் பண்பு. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 2018-ல், அந்த மரபணுவை ஆய்வாளர்கள் தனித்துப் பிரித்தெடுத்தார்கள். தண்டின் உட்செல்களை இறக்கச் சொல்லிக் கட்டளையிடும் புரதம் அதிலிருந்து உருவாகிறது. அந்தக் கட்டளை பழுதானால் செல்கள் உயிரோடிருந்து சாறு தங்குகிறது. ஆக, சாறுள்ள தட்டை என்பது, கடித்துப் பார்த்து நல்லதை ஒதுக்கி வைத்த யாரோ ஒரு பழைய உழவரின் கண்டுபிடிப்பு. கோவை வயலில் அவர்கள் பகுத்தறிந்ததற்கு மூலப்பொருளாக அமைந்தவை அக்கம்பக்கத்து உழவர்களின் நாட்டு ரகங்கள். அந்த ரகங்களில் இரண்டு வகை நரம்பும் இருந்திராவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது.

தீவனத்துக்கு மிக அவசியமான இன்னொரு பண்பு கண்ணுக்குத் தெரியாதது. சோளத்தின் இளங்குருத்தில் துரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது சிதையாமல் அப்படியே இருக்கும்வரை தீங்கில்லை. மாடு மென்று செல்கள் உடைந்ததும் அருகிலிருந்த நொதியோடு சேர்ந்து சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. இளம் பயிரை மேயவிட்டு மாடு விழுந்து இறக்கும் விபத்தின் காரணம் இதுதான். மழையில்லாமல் வாடிய பயிரிலும், அறுத்தபின் புதிதாகத் துளிர்க்கும் மறுதாம்பிலும் நஞ்சு கூடும். பூக்கும் பருவத்தில் வெகுவாகக் குறையும். பாதிப் பூவில் அறுக்கச் சொல்லும் பரிந்துரைக்குப் பின்னால் ருசி மட்டுமல்லாமல் இந்தப் பாதுகாப்பும் இருக்கிறது. எவ்வளவு துரின் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். இதைப்போலவே தண்டை இறுக்கும் லிக்னினும் மாறும். இலையின் நடுநரம்பு பழுப்பாகத் தெரியும் சில வகைகளில் லிக்னின் குறைவு. மாட்டின் வயிற்றில் அவை எளிதில் செரிக்கும். அதற்கு விலையாகச் சில சமயம் தண்டு வலுவிழந்து காற்றில் சாயும். கடற்கரை ஊருக்கு அது சிறிய விஷயமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் இந்தப் பக்கம் கரை கடந்தபோது மரங்களே நிற்கவில்லை.

இப்படி இழுபறியான பண்புகளைக் கொண்ட செடியை இருபதாம் நூற்றாண்டு எப்படிக் கையாண்டது? 1954-ல் அமெரிக்காவில் ஸ்டீபன்ஸ், ஹாலண்ட் இருவரும் மைலோ வகையின் சைட்டோபிளாசத்தில் (செல்லில் உட்கருவைச் சூழ்ந்திருக்கும் பகுதி) கஃபிர் வகையின் உட்கருவை வைத்தால் செடியில் மகரந்தம் உருவாவதில்லை என்று கண்டார்கள். மகரந்தமில்லாத தாய்ச்செடி கிடைத்ததும் வீரிய ஒட்டு விதையைப் பெருமளவில் உண்டாக்குவது சாத்தியமாயிற்று. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச். 1 பத்தே ஆண்டில், 1964-ல் வெளிவந்தது. மணி மகசூல் உயர்ந்தது. அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. பஞ்சம் அருகிலிருந்த ஆண்டுகள் அவை. ஆனால் செடி குட்டை, தட்டை கொஞ்சம். மாட்டை நம்பிய மானாவாரி உழவர் கணக்குப் போட்டார்: மணி கூடுகிறது, ஆனால் மாட்டுக்கு என்ன போடுவது? மகாராஷ்டிரத்தின் பின்பனிக்காலச் சோளத்தில் இதற்கான விடையைப் பார்க்கலாம். மோஹோல் என்ற ஊரில் 1930-களில் நாட்டு மால்தண்டிச் சோளத்திலிருந்து பொறுக்கியெடுத்த எம் 35-1 என்ற ரகம், எத்தனையோ புதிய ரகங்கள் வந்த பிறகும் பல தலைமுறைகளாக அந்த நிலத்தில் ஆட்சி செய்தது. ரொட்டிக்கு ஏற்ற முத்து மணி, மாட்டுக்கு ஏற்ற நெடிய தட்டை, ஈரம் வற்றும் கரிசலில் தாக்குப்பிடிக்கும் குணம் மூன்றும் ஒன்றாக அதில் இருந்தன.

இங்கே ஒரு மறுப்பு எழும். மணியும் தட்டையும் ஒரே செடியின் சக்தியைப் பங்குபோடுகின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்துதானே ஆகும், தனித்தனி ரகம் வைப்பதுதானே அறிவு? இது பாதிதான் சரி. அளவில் போட்டி இருப்பது உண்மை. தரத்தில் அந்தப் போட்டி மிகவும் பலவீனமானது என்பதைப் பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனமும், ஐதராபாத் அருகே பட்டஞ்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வுகள் காட்டின. நல்ல மணி மகசூல் தரும் வகைகளுக்குள்ளேயே, தட்டை நன்றாகச் செரிப்பதும் செரிக்காததும் இருந்தன. இந்த வேறுபாட்டுக்குச் சந்தையும் விலை வைத்திருந்தது. ஐதராபாத் தட்டை வியாபாரிகளிடம் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, செரிமானத் தன்மை 47 சதவீதத்திலிருந்து 52 சதவீதத்துக்கு உயரும்போது விலை கால் பங்குக்கும் மேல் கூடியது. கையால் தடவியும் இலையைப் பார்த்தும் விலை பேசும் வியாபாரி, ஆய்வகம் ஐந்து சதவீதம் என்று அளப்பதை உணர்ந்திருந்தார். அப்படியானால் இரண்டையும் சேர்த்துத் தரும் செடி சாத்தியம்தான். அதற்குத் தேவை, தேர்ந்தெடுக்கப் போதிய வேறுபாடு கையில் இருப்பது.

கையில் இருக்கும் வேறுபாடோ குறுகி வருகிறது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல் சோளம் நின்றது. இன்று நாற்பது லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பரப்பு சுருங்குவதைவிட அடித்தளம் குறுகுவது எனக்கு அதிகக் கவலை தருகிறது. உலகின் வீரிய ஒட்டுச் சோளத்தில் மிகப் பெரும்பகுதி இன்றும் அந்த ஒற்றை மைலோ சைட்டோபிளாசத்தின் மீதுதான் நிற்கிறது. ஒரே அடித்தளத்தில் நிற்பது என்ன செய்யும் என்பதை அமெரிக்க மக்காச்சோளம் 1970-ல் காட்டியது. அப்போது அங்கே ஒட்டுரகங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் டெக்சாஸ் சைட்டோபிளாசம் கொண்டவை. அந்தச் சைட்டோபிளாசத்தையே குறிவைத்த ஓர் இலைக்கருகல் பூஞ்சாணம் ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தை அழித்தது. சோளத்துக்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மைலோ சைட்டோபிளாசம் அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் இதுவரை எதுவும் நடக்கவில்லை என்பது இனியும் நடக்காது என்பதற்கு உத்தரவாதமாகாது.

மரபணு வங்கி இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. வலுவான மறுப்புதான். இக்ரிசாட் வங்கியில் 40,000-க்கும் மேற்பட்ட சோள மாதிரிகள் குளிரில் உறங்குகின்றன. அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாது என்பதால், மொத்த வேறுபாட்டின் பிரதிநிதியாக 242 மாதிரிகள் கொண்ட குறுந்தொகுப்பு ஒன்றை 2009-ல் அறிவித்தார்கள். இந்தச் செல்வம் மனிதகுலத்துக்கே சொத்து. ஆனால் அந்த வங்கியின் பிறப்புக் கதையே வங்கியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குச் சாட்சி. 1960-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து உலகமெங்கும் திரட்டி ஐ.எஸ். என்ற வரிசை எண் கொடுத்த மாதிரிகள் 16,138. அவற்றை 1974-ல் இக்ரிசாட்டுக்கு மாற்ற முற்பட்டபோது உயிரோடிருந்தவை 8,961 மட்டுமே. மீதி 7,177 மாதிரிகள் போதிய சேமிப்பு வசதியில்லாமல் முளைப்புத்திறன் இழந்திருந்தன. ஒரு பகுதியை அமெரிக்காவில் இருந்த நகல்களிலிருந்து மீட்டார்கள். மற்றவை என்னென்ன குணங்களோடு போயினவோ, கேட்க ஆளில்லை. இன்று சேமிப்பு எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது, நார்வேயின் ஸ்வால்பார்டில் நகலும் இருக்கிறது. அப்படியும், குளிரில் உறங்கும் விதை மாறுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. அது எடுக்கப்பட்ட ஆண்டின் மழையை மட்டுமே அறிந்த விதை.

வயல் அப்படியல்ல. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 71 கிராமங்களில் 1976-லும் 2003-லும் திரட்டிய சோள விதைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கொடிய வறட்சிகள் வந்துபோயின. ஆனாலும் மரபணு வேறுபாடு பெரிதாகக் குறையவில்லை. உழவர்கள் தங்களுக்குள் விதை மாற்றிக்கொண்டு அதைக் காப்பாற்றி வந்திருந்தார்கள். அதே கால இடைவெளியில் அதே நாட்டின் கம்பில், சீக்கிரம் பூக்கும் தன்மை கூடியிருந்தது. மழைக்காலம் குறுகியதற்கு ஏற்ப, எந்த விஞ்ஞானியும் சொல்லாமல், வயலே விடை எழுதிக்கொண்டது. இதைச் செய்ய விதை முற்ற வேண்டும், அந்த விதையே அடுத்த ஆண்டு விதைப்பாக வேண்டும். பெரம்பலூர் பக்கத்தில் இருங்குச் சோளம் விளையவிட்டு, நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கும் உழவர் செய்வதும் இதே வேலைதான். வங்கியும் வயலும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பேசுவதில் பொருளில்லை. இரண்டும் வேண்டும்.

வேறுபாடு வேண்டுமென்றால் செயற்கையாக உண்டாக்கிக்கொள்ளலாமே என்பது மூன்றாவது மறுப்பு. அதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. கோ.எப்.எஸ். 29 விதைமீது காமாக் கதிர் பாய்ச்சிப் பெற்ற சடுதிமாற்றத்திலிருந்துதான் அதன் அடுத்த ரகமான கோ.எப்.எஸ். 31 பிறந்தது. ஆஸ்திரேலியாவில் வேதிப்பொருளால் சடுதிமாற்றம் தூண்டி, துரின் உருவாகும் முதல் படியையே முடக்கி, சயனைடு இல்லாத சோளச் செடியையும் 2012-ல் காட்டினார்கள். இவை உண்மையான வெற்றிகள். ஆனால் இவற்றின் பொதுத்தன்மையைக் கவனிக்க வேண்டும். கதிரும் வேதிப்பொருளும் பெரும்பாலும் இருப்பதைக் கெடுக்கின்றன. நஞ்சையோ லிக்னினையோ நிறுத்த அது போதும். இல்லாத ஒன்றைக் கட்டியெழுப்ப அது போதாது. 2013-ல் அமெரிக்காவில் ஒரு வகை அசுவினி சோளத்தைத் தாக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் ஹைட்டி நாட்டின் சோளத்தையே ஏறக்குறைய துடைத்தெடுத்தது. அங்கே சோள உற்பத்தியை மீட்ட எதிர்ப்புத்திறன் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, எத்தியோப்பிய நாட்டு ரகங்களுக்குள் இருந்த அரிய மரபணு வடிவம் ஒன்றில் போய் நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடு விட்டு நாடு விதை பரிமாறிக்கொண்டதால் அது ஹைட்டி வயல்வரை வந்து சேர்ந்திருந்தது என்று 2022-ல் எழுதினார்கள். அதை முதலில் விதைத்துக் காத்த எத்தியோப்பியக் குடும்பத்துக்கு ஹைட்டி என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது.

காலாப்பட்டு மாட்டுக்காரர் கேட்கக்கூடிய கேள்வி இவை எதுவுமில்லை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இருக்கும்போது சோளம் எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. தண்ணீர் தாராளமாக உள்ள இடத்தில் அந்தப் புல் சோளத்தைவிட இரு மடங்கு பசுந்தீவனம் தரும். ஒருமுறை கரணை ஊன்றினால் ஆண்டுக்கணக்கில் வரும். நியாயமான கேள்வி. பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது. கம்பின் 14 நிறப்புரிகளும் நேப்பியர் புல்லின் 28-ம் பாதி பாதியாகச் சேர்ந்து 21 ஆன செடி அது. ஒற்றைப்படை எண்ணிக்கையால் விதை பிடிப்பதில்லை. கரணை மூலமே பரவுவதால், ஒரு ரகத்தின் எல்லா வயலும் மரபணு அளவில் ஒரே செடிதான். ஒரு நோய் அதைப் பழகிக்கொண்டால் தப்பிக்க அந்தப் புல்லுக்குள் வழி கிடையாது. இது முதல் பகுதி.

இரண்டாவது பகுதி தண்ணீரைப் பற்றியது. கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது கடல்நீர் உள்ளே ஊர்கிறது. புதுச்சேரிக் கடற்கரையும் இதற்கு விலக்கல்ல. மண்ணின் உப்பை மின்கடத்துத் திறனால் அளப்பார்கள். எந்த அளவைத் தாண்டினால் மகசூல் சரியத் தொடங்கும் என்று பயிருக்குப் பயிர் ஒரு வரம்பு உண்டு. புகழ்பெற்ற மாஸ், ஹாஃப்மன் அட்டவணையில் மக்காச்சோளத்துக்கு அது மீட்டருக்கு 1.7 டெசிசீமென்ஸ், நெல்லுக்கு 3, சோளத்துக்கு 6.8. கிணறு உவர்க்கும் ஊரில் எதை விதைப்பது என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. இந்த அட்டவணையில் சூடான் புல்லுக்கு உள்ள வரம்பு 2.8 மட்டும்தான் என்பதையும் பார்க்க வேண்டும். நம் மறுதாம்புத் தீவன ரகத்தின் ஒரு பெற்றோர் சூடான் புல். அடிக்கடி துளிர்க்கும் குணத்தை அது தந்தது. உப்பைத் தாங்கும் குணத்தைத் தேட வேண்டிய இடம் தானியச் சோளத்தின் பக்கம். தானியச் சோளத்துக்குள்ளேயும் ரகத்துக்கு ரகம் உப்புத் தாங்கும் திறனில் பெரிய வேறுபாடு இருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. காலாப்பட்டுக்கு நாளை தேவைப்படும் தீவனச் சோளம் இன்று எங்கோ தானியமாக விளைந்துகொண்டிருக்கிறது, அல்லது பட்டஞ்செருவில் எண் போட்ட டப்பாவுக்குள் இருக்கிறது. இந்த மண்ணில், இந்தத் தண்ணீரில் அதை யாரும் விதைத்துப் பார்க்காதவரை எது என்று தெரியாது.

விதைத்துப் பார்க்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டால் ஆச்சரியமாக இருக்கும். குறுந்தொகுப்பின் 242 மாதிரிகளையும் ஒவ்வொன்றும் நாலு மீட்டர் வரிசையாக, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விட்டு விதைத்தால் 581 சதுர மீட்டர் ஆகும். பதினைந்து சென்ட்டுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டு நாட்டு ரகங்களைச் சேர்த்து, இன்னொரு முறை திருப்பி விதைத்து, ஓரத்தில் காப்பு வரிசையும் விட்டால்கூட அரை ஏக்கர் போதும். பல்கலைக்கழகமும் செம்மண் மேடும் உவர்க்கிணறும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில் அரை ஏக்கர் பெரிய கோரிக்கை அல்ல. ஆவணியில் விதைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் பாதியைப் பருவம் பார்த்துத் தட்டைக்கு அறுத்து, எடை போட்டு, மாட்டுக்குப் போட்டு எதை விரும்பித் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். மற்றப் பாதியைத் தொடாமல் விட வேண்டும். மார்கழியில் பகல் சுருங்கி, மழை விட்டு, அந்தப் பாதி வரிசைகளில் சில கருகியிருக்கும், சில சாய்ந்திருக்கும், சிலவற்றின் கதிரில் மணி பால் பிடித்துக்கொண்டிருக்கும். கிளி விரட்ட அங்கே ஓர் ஆள் வேண்டியிருக்கும்.